தோள்பட்டை அறுவை சிகிச்சை: எதிர்பார்ப்பும் கவலையும் குணமாவதை எப்படிப் பாதிக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோள்பட்டையில் அறுவை சிகிச்சை என்று முடிவானதுமே மனதில் இரண்டு எண்ணங்கள் மாறி மாறி வரும். ‘இதோடு வலி ஒழிந்தது’ என்பது ஒன்று. ‘கை பழையபடி வராமல் போய்விட்டால்?’ என்பது மற்றொன்று. பின்னால் வரும் மாதங்களில் இந்த இரண்டும் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பதில்கள் பெரும்பாலும் ரொட்டேட்டர் கஃப் தையலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மேற்கை எலும்பின் உருண்டையான தலையை நான்கு தசைகளின் நாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் பட்டைகள்) உறைபோலச் சுற்றியிருக்கின்றன. அந்த உறைக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். ‘தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தோள் நழுவுவதற்கான அறுவையும் மூட்டு மாற்றும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம். உங்கள் அறுவை மருத்துவர் கொடுத்த அட்டவணை இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். உள்ளே எவ்வளவு கிழிந்திருந்தது, தையல் எவ்வளவு இழுவையில் நிற்கிறது என்பதை நேரில் பார்த்தவர் அவர்தான்.

நான் என்ன நினைக்கிறேன் என்பதற்கும் கிழிந்த ஜவ்வு ஒட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

ஒட்டுவதோடு நேரடிச் சம்பந்தம் இல்லை. தைத்த நாண் எலும்பைப் பிடிக்குமா என்பது வயது, கிழிசலின் அளவு, தசை எந்த அளவுக்குக் கொழுப்பாக மாறிவிட்டது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், முதல் 12 வாரம் கையை எப்படி வைத்திருந்தீர்கள் ஆகியவற்றைப் பொறுத்தது. திடமான நம்பிக்கை உள்ளவருக்கும் ஒட்டாமல் போகலாம், பயந்துகொண்டே இருந்தவருக்கு அருமையாக ஒட்டலாம்.

ஆனால் ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று யாரும் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா, தலை வார முடிகிறதா, மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க முடிகிறதா என்பதை வைத்தே சொல்கிறார்கள். இவற்றில் மனதுக்குக் கணிசமான பங்கு உண்டு. ரொட்டேட்டர் கஃப் தையல் செய்துகொண்ட 125 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அறுவைக்கு முன் அதிகம் எதிர்பார்த்தவர்களே ஓராண்டு முடிவில் வலியிலும் கையின் பயன்பாட்டிலும் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள் என்று அது காட்டியது.

மனம் தோளை எட்டும் வழியில் மாயம் எதுவும் இல்லை. பலன் கிடைக்கும் என்று நம்புகிறவர் பயிற்சியை விடாமல் செய்கிறார். பயப்படுகிறவர் தன்னையறியாமல் தோளைக் காதுப் பக்கமாக உயர்த்தி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். நாள் முழுக்க இறுகியிருக்கும் கழுத்துத் தசையே மாலையில் தனி வலியாகிவிடுகிறது. கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் அடுத்த நாள் அதே வலி பெரிதாகத் தெரிகிறது.

அப்படியானால் நிறைய எதிர்பார்ப்பதுதான் நல்லதா?

எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘நான் பயிற்சி செய்தால் ஆறு மாதத்தில் இந்தக் கையால் தலைக்கு மேல் எட்டுவேன்’ என்பது உதவும் எதிர்பார்ப்பு. அதில் ஒரு வேலை இருக்கிறது, ஒரு கால அளவு இருக்கிறது, உங்கள் பங்கும் இருக்கிறது. ‘ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பதில் இந்த மூன்றுமே இல்லை. இப்படி நினைத்து வருபவர்தான் மூன்றாவது வாரத்தில் ‘எனக்கு மட்டும் ஏதோ தப்பாகிவிட்டது’ என்று உடைந்துபோகிறார். உண்மையில் அவருடைய தோள் அட்டவணைப்படியே போய்க்கொண்டிருக்கும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு இன்னொரு சான்று. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, முழுதும் கிழிந்த ரொட்டேட்டர் கஃப் உள்ளவர்களுக்கு முதலில் பிசியோதெரபி மட்டும் கொடுத்துப் பார்த்தன. இரண்டு ஆண்டுகளில் அறுவைக்குப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழ். யார் அறுவைக்குப் போவார் என்பதை மிக நன்றாகக் காட்டியது கிழிசலின் அளவோ வலியின் அளவோ அல்ல, ‘பிசியோதெரபியால் எனக்குப் பலன் கிடைக்கும்’ என்ற நம்பிக்கை ஆரம்பத்தில் இருந்ததா இல்லையா என்பதுதான்.

எந்தக் கட்டத்தில் எதை எதிர்பார்ப்பது நியாயம்?

ரொட்டேட்டர் கஃப் தையலுக்குப் பொதுவான கணக்கு இது.

முதல் இரண்டு வாரம்: வலி உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் 2ஆம், 3ஆம் நாள்களில். ஆர்த்ரோஸ்கோப்பியின்போது (சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் அறுவை) மூட்டுக்குள் செலுத்திய நீரால் தோள் உப்பிக் கிடக்கும். ஓரிரு நாளில் வடியும். நீலமும் மஞ்சளுமாய் ரத்தக்கட்டு முழங்கை வரையிலும் மார்புப் பக்கமும் இறங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது புவியீர்ப்பு செய்யும் வேலை. விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றைப் பொதுவாக முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்வார்கள். தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளுக்குள்.

2 முதல் 6 வாரம்: கை ஸ்லிங்கில், அதாவது கையை மடக்கித் தாங்கும் தூக்குப் பட்டையில். இப்போது தோளை அசைப்பது பிசியோதெரபிஸ்ட்டோ உங்கள் மறுகையோதான், தோளின் சொந்தத் தசை அல்ல. இந்தக் கட்டத்தின் ஆபத்து, வலி குறைந்துவிடுவதுதான். ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று கையை நீட்டி ஒரு வாளியைத் தூக்குவது இப்போதுதான் நடக்கும்.

6 முதல் 12 வாரம்: ஸ்லிங் கழன்றுவிடும். கையைச் சொந்த பலத்தில் தூக்கப் பார்த்தால் அது யாருடைய கையோபோலக் கனக்கும். மனம் அதிகம் தளர்வது இங்கேதான், முதல் வாரத்தில் அல்ல. ஸ்லிங்கைக் கழற்றிவிட்டால் கை வந்துவிடும் என்று காத்திருந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். ஆறு வாரம் சும்மா இருந்த தசை இப்போதுதான் விழிக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற்றம் பாதியாகிவிடும்.

3 முதல் 6 மாதம்: ரப்பர் பட்டையைக் கொண்டு வலுவூட்டும் பயிற்சி. அன்றாட வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். மேசை வேலைக்குப் பலர் சில வாரங்களிலேயே போய்விடுவார்கள். பாரம் தூக்கும் வேலைக்கு 4 முதல் 6 மாதம் ஆகும்.

6 மாதத்துக்குப் பின்: வலு ஓராண்டு வரைக்கும், சிலருக்கு அதற்கும் மேல் கூடிக்கொண்டே போகும். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவது பெரும்பாலும் கடைசியாகத்தான் திரும்பும். அது வரவில்லையே என்று நான்காவது மாதத்தில் கவலைப்பட வேண்டாம்.

தோள் நழுவுவதற்கான அறுவையில் ஸ்லிங் சுமார் 3 முதல் 4 வாரம். ஆளோடு ஆள் மோதும் விளையாட்டுக்கு ஏறக்குறைய 6 மாதம். மூட்டு மாற்றில் வலி வேகமாகக் குறையும், ஏனென்றால் தேய்ந்த எலும்பு உரசுவது அன்றோடு நிற்கிறது. ஆனால் முதல் சில மாதங்களுக்குச் சில அசைவுகள் கூடாது. குறிப்பாக 1985இல் பிரான்சில் போல் கிராமோன் வடிவமைத்த தலைகீழ் வகை மூட்டில், நாற்காலியிலிருந்து அந்தக் கையை ஊன்றி எழுவதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் மூட்டை நழுவச் செய்யலாம்.

எல்லாருக்கும் இருக்கும் பயத்துக்கும், கவனிக்க வேண்டிய கவலைக்கும் என்ன வித்தியாசம்?

அறுவைக்கு முந்தின வாரம் தூக்கம் குறைவது, மயக்க மருந்தை நினைத்து வயிறு பிசைவது எல்லாம் சாதாரணம். கவனிக்க வேண்டியவை வேறு. அவற்றை அளக்கவும் கருவிகள் இருக்கின்றன.

முதலாவது, வலியைப் பேரழிவாகப் பார்ப்பது. ‘இது என்னை விடாது’, ‘இதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை’, ‘என்னால் ஒன்றும் செய்ய முடியாது’ என்று ஓடும் எண்ணங்கள். இதற்கு 1995இல் உருவான 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 52 மதிப்பெண், 30ஐத் தொட்டால் கவனம் தேவை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாவது, அசைவைக் கண்டு பயம்: அசைத்தால் உள்ளே ஏதாவது அறுந்துவிடும் என்ற எண்ணம். டாம்ப்பா அளவுகோல் 17 கேள்விகளில் இதை அளக்கிறது. மூன்றாவது, பொதுவான பதற்றமும் மனச்சோர்வும். மருத்துவமனைகளில் இதற்குப் பயன்படும் 14 கேள்விப் படிவத்தில் ஏழு கேள்வி பதற்றத்துக்கு, ஏழு மனச்சோர்வுக்கு. ஏதாவது ஒரு பகுதியில் மதிப்பெண் 11ஐத் தொட்டால் மருத்துவர் விசாரிப்பார்.

இந்தப் படிவங்களை உங்களிடம் கொடுத்தால் ‘எனக்கு மனநோய் என்று நினைக்கிறார்களோ’ என்று சங்கடப்பட வேண்டாம். ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். நன்றாகத் தெரிய வேண்டும் என்று நினைத்துப் பதிலைக் குறைத்து எழுதினால் கிடைக்க வேண்டிய உதவிதான் கிடைக்காமல் போகும்.

நான் அதிகம் கவலைப்படும் ஆள். அறுவையைத் தள்ளிப்போடுவது நல்லதா?

கவலை ஒன்றே அதற்குக் காரணம் ஆகாது. அதிகக் கவலையோடு வருபவர்கள் தொடக்கத்திலேயே கூடுதல் வலியையும் குறைந்த பயன்பாட்டையும் சொல்கிறார்கள், முடிவிலும் மற்றவர்களைவிடச் சற்றுக் கீழே நிற்கலாம். ஆனால் அவர்களும் முன்னேறுகிறார்கள். பலருக்கு வலி குறையக் குறையக் கவலையும் மனச்சோர்வும் கூடவே இறங்குகின்றன. மாதக்கணக்கில் தூங்கவிடாத தோள்வலியே அந்தச் சோர்வுக்குக் காரணமாக இருந்திருக்கும்.

கடுமையான மனச்சோர்வுக்குச் சிகிச்சையே எடுக்காமல் இருப்பவர் மட்டும் முதலில் அதைத் தொடங்கிவிட்டு வருவது நல்லது. பல ஆண்டுத் தேய்மானத்தால் வந்த கிழிசல் என்றால் இதற்கு நேரம் இருக்கும். விழுந்த வேகத்தில் புதிதாகக் கிழிந்ததென்றால் நாண் பின்னால் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் அங்கே இரண்டு சிகிச்சையையும் சேர்த்தே நடத்த வேண்டும்.

அறுவை நடந்தது என்ற நம்பிக்கையே வலியைக் குறைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவுக்கு உண்மை, அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தோளின் மேற்கூரை எலும்பைச் சற்றுச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவையைப் பற்றி 2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் அச்சேறின, ஒன்று பிரிட்டனில், ஒன்று பின்லாந்தில். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, செதுக்கவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு குழுவிலும் வலி குறைந்தது. குழுக்களுக்கு இடையே பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து ‘எல்லாத் தோள் அறுவையும் மனப்பிரமை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த முடிவு அந்த ஓர் அறுவைக்கு உரியது. கிழிந்த நாணைத் தைப்பதும் தேய்ந்த மூட்டை மாற்றுவதும் வேறு. ஆனால் உங்களுக்குச் சொல்லியிருப்பது எலும்பைச் செதுக்கும் அறுவை மட்டும்தான் என்றால், முறையான பிசியோதெரபியை முழுதாகச் செய்து பார்த்தாயிற்றா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மயக்க மருந்தும் முதல் இரவும்தான் எனக்குப் பெரிய பயம். என்ன நடக்கும்?

தோள் அறுவையில் பெரும்பாலும் கழுத்தின் பக்கவாட்டில் ஊசி போட்டுக் கைக்குப் போகும் நரம்புகளை மரத்துப்போகச் செய்வார்கள். ‘நரம்பு பிளாக்’ என்பது இதுதான். கூடவே முழு மயக்கமும் கொடுப்பதுண்டு. கண் விழிக்கும்போது கை இருப்பதே தெரியாது. இது பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் நீடிக்கும். அதுவரை குரல் கம்மலாம், அந்தப் பக்கத்து இமை சற்றுத் தொங்கலாம், மூச்சை முழுதாக இழுக்க முடியாததுபோல் இருக்கலாம். ஊசி மருந்து பக்கத்திலிருக்கும் நரம்புகளையும், உதரவிதானத்துக்குப் போகும் நரம்பையும் தொடுவதால் வருவது இது. மருந்து இறங்கியதும் போய்விடும். இதை யாரும் முன்பே சொல்லாவிட்டால் நடு இரவில் ‘பக்கவாதம் வந்துவிட்டதோ’ என்று பதறிவிடுவார்கள். மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போனால் மட்டும் உடனே சொல்லுங்கள். நுரையீரல் நோய் உள்ளவர்கள் இந்த ஊசிக்கு முன்பே மயக்க மருந்து மருத்துவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். பிளாக் இறங்கும்போது வலி படிப்படியாக வருவதில்லை, திடீரென ஏறும். பெரும்பாலும் அது அதிகாலையாகவே இருக்கும். வலி வந்த பிறகு மாத்திரை தேடினால் அது வேலை செய்ய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் பயம் உச்சிக்குப் போய்விடும். எனவே விரல் நுனியில் சுருக்சுருக்கென்று உணர்வு திரும்பத் தொடங்கும்போதே, எழுதிக் கொடுத்த முதல் வேளை மாத்திரையைப் போட்டுவிடுங்கள். படுக்கப் போகும் முன்பும் ஒரு வேளை போடும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். முதல் 2, 3 நாள்கள் வலிக்காகக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்தே மாத்திரை போடுவது நல்லது. ஒரே பாராசிட்டமால் இரண்டு மாத்திரைகளில் வேறு வேறு பெயரில் இருக்கலாம், பட்டையின் பின்புறம் பாருங்கள். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு இருந்தால் அளவு இன்னும் குறைவு.

அறுவைக்கு முன்பே பல வாரங்கள் ஓபியாய்டு வகை வலி மாத்திரை (டிரமடால், மார்ஃபின் போன்றவை) சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவு பற்றாது.

பயிற்சி செய்யும்போது வலிக்கிறது. தையல் விட்டுப்போயிருக்குமோ?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தவறாகப் புரிந்துகொண்டால் அதிகம் கெடுப்பதும் இதுதான். வலி என்றாலே சேதம் என்று நினைப்பவர் பயிற்சியை நிறுத்துகிறார், தோள் இறுகுகிறது, இறுகிய தோளை அடுத்த முறை அசைத்தால் இன்னும் வலிக்கிறது, ‘நான் நினைத்தது சரிதான்’ என்று மேலும் ஒதுங்குகிறார்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலியில்லாததை 0, தாங்கவே முடியாததை 10 என்று வைத்தால், பயிற்சியின்போது 3 அல்லது 4 வரை போவதும், சில மணி நேரத்தில் அடங்கி மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிடுவதும் சரியான வலி. மூட்டைச் சுற்றி இறுகியிருக்கும் சவ்வு இழுபடுகிறது என்பதே அதன் பொருள், தைத்த நாண் அல்ல. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. பயிற்சியை நிறுத்த வேண்டாம். பத்துத் தடவை செய்ததை ஐந்தாக்குங்கள், கையை உயர்த்தும் கோணத்தைக் குறையுங்கள்.

தையலைப் பெயர்ப்பவை பெரும்பாலும் வேறு: விழப்போகும்போது அந்தக் கையை ஊன்றுவது, கனமான கதவை இழுப்பது, படுக்கையிலிருந்து கையை அழுத்தி எழுவது, கை தவறும் பொருளைப் பாய்ந்து பிடிப்பது. முதல் 6 வாரம் நாணை எலும்போடு பிடித்திருப்பது நூலும், எலும்பில் பதித்து நூலைப் பிடித்திருக்கும் ஆங்கர் என்ற சிறு முளையும் மட்டுமே. திசு தானாக வலுப்பெற ஏறக்குறைய 12 வாரம் வேண்டும். மறுபடி கிழிவது அதிகமும் முதல் 3 முதல் 6 மாதத்துக்குள் நடப்பது இதனால்தான். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, குனிந்து கையைத் தளரவிட்டு ஊசலாட்டுவதால் தையல் விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஊசலாட்டம் உடம்பை அசைப்பதால் வர வேண்டும், தோள் தசையை இறுக்கிக் கையைச் சுழற்றினால் அது வேறு பயிற்சியாகிவிடும்.

‘டொக்’, ‘கரகர’ என்று வரும் சத்தம் வலியில்லாமல் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ‘டப்’ என்று ஏதோ அறுந்த உணர்வோடு சத்தம் வந்து, அதுவரை தூக்க முடிந்த கையைத் தூக்க முடியாமல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஸ்லிங்கைக் கழற்றவே பயமாக இருக்கிறது. குளிப்பதும் உடை மாற்றுவதும் எப்படி?

ஸ்லிங்கைக் கழற்றாமலே இருப்பதும் கெடுதல்தான். முழங்கை மடங்கியபடியே இறுகும், அக்குள் தோல் ஊறிப் புண்ணாகும். பெரும்பாலான மருத்துவர்கள் சுத்தம் செய்யவும் பயிற்சிக்கும் கழற்ற அனுமதிப்பார்கள். முதல் தடவை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்.

உட்கார்ந்துகொண்டு, மறுகையால் முழங்கையைத் தாங்கியபடி பட்டையைத் தளர்த்துங்கள். எழுந்து, மேசையை மறுகையால் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். கை தன் எடையில் தொங்கும்; அக்குள் தானாகத் திறந்துகொள்ளும். கையை விரிக்காமலே ஈரத்துணியால் துடைத்து உலர்த்திவிடலாம். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டையே வசதி. போடும்போது அறுவை செய்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். ஒரே ஒரு தடவை அமைதியாகச் செய்து முடித்துவிட்டால் பாதிப் பயம் அன்றே போய்விடும்.

இதற்கு நேர்மாறாக, நான்காவது வாரமே ஸ்லிங்கைத் தூக்கி மூலையில் போடுபவர்களும் உண்டு. வலி இல்லை என்றால் ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. கூட்டமான இடத்திலும் தூங்கும்போதும் ஸ்லிங் கட்டாயம்.

இரவில் தூங்கவே முடியவில்லை. எத்தனை நாள் இப்படி?

பலருக்கு 6 வாரம் வரை தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். சிலருக்கு 3 மாதம்கூட. தட்டையாகப் படுத்தால் மேற்கை பின்னால் சரிந்து தையலை இழுக்கும். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி 30 முதல் 45 டிகிரி சாய்வில் படுங்கள், முழங்கைக்குப் பின்னால் ஒரு சிறிய தலையணை வையுங்கள். படுத்த நிலையில் உங்கள் முழங்கை உங்கள் கண்ணில் பட வேண்டும், படவில்லை என்றால் தலையணை போதவில்லை. படுக்கும் முன் துணி சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். தோல் மரத்திருக்கும்போது மட்டும் வேண்டாம், குளிர்ப்புண் வந்தாலும் தெரியாது.

மூன்று மாதம் ஆகியும் கை முழுதாக உயரவில்லை. தோற்றுவிட்டதா?

முதலில் இறுக்கமா பலவீனமா என்று பிரித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, மறுகையாலோ பிசியோதெரபிஸ்ட் உதவியாலோ கையை மெல்ல உயர்த்துங்கள். வேறு யார் உயர்த்தினாலும் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டால் அது இறுக்கம். பிறர் உயர்த்தினால் போகிறது, தானாக உயர்த்தினால் மட்டும் வரவில்லை என்றால் பலவீனம்.

இறுக்கம் மூன்றாவது மாதத்தில் மிகச் சாதாரணம். விடாமல் இழுவைப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் விட்டுக்கொடுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் காலம் பிடிக்கலாம். பலவீனத்தை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. தசை இன்னும் தேறாமல் இருக்கலாம், மறுகிழிசலாகவும் இருக்கலாம், அபூர்வமாக நரம்புச் சிக்கலாகவும் இருக்கலாம். மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும்.

ஸ்கேனில் மறுபடி கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. எல்லாம் வீண்தானா?

இல்லை. மறுகிழிசல் அபூர்வமும் அல்ல. பெரிய கிழிசல்களிலும் வயதானவர்களிலும் அடிக்கடி காணப்படுகிறது. அப்படி வந்தவர்களில் பலர் அறுவைக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்த வலியோடு, கையைப் பயன்படுத்திக்கொண்டு இருக்கிறார்கள். வலுவில் மட்டும், நன்றாக ஒட்டியவர்களைவிடக் குறை தெரியும். அறிக்கையைப் படிக்கும் நாள்வரை நிம்மதியாக இருந்துவிட்டுப் படித்த அன்றிலிருந்து வலிக்க ஆரம்பித்தால், அந்த வலி பொய்யல்ல. ஆனால் அதைத் தூண்டியது அறிக்கையின் சொற்கள்தான். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: ‘என் வலியும் என் வலுக்குறைவும் இந்தப் படத்தோடு பொருந்துகின்றனவா?’ பொருந்தவில்லை என்றால் மறு அறுவைக்கு அவசரமில்லை.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்டுவிட வேண்டும்?

உங்கள் எதிர்பார்ப்பை வாய்விட்டுச் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான நோயாளிகள் அதைச் சொல்வதே இல்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. இந்தக் கையால் நீங்கள் மறுபடி செய்ய விரும்பும் மூன்று வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ‘வலி போக வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘பேரக்குழந்தையைத் தூக்க வேண்டும்’, ‘கூரைக்கு வெள்ளையடிக்க வேண்டும்’, ‘பந்து வீச வேண்டும்’ என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘வரும்’, ‘வரலாம்’, ‘சந்தேகம்’ என்று மருத்துவரையே குறிக்கச் சொல்லுங்கள். ‘சந்தேகம்’ என்று குறித்த வேலைதான் உங்களுக்கு உயிர் என்றால், அது கையெழுத்துப் போடும் முன் தெரிய வேண்டியது.

பிறகு இவற்றைக் கேளுங்கள்:

– என் கிழிசல் எத்தனை சென்டிமீட்டர், தசையில் கொழுப்பு மாற்றம் எவ்வளவு? முழுதாகத் தைக்க முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்?
– அறுவை செய்யாவிட்டால் ஓராண்டில் என்ன ஆகும்?
– ஸ்லிங் எத்தனை வாரம்? கையை நானே தூக்கலாம் என்பது எந்த வாரம்?
– பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கத் தசை) நாணையும் வெட்டுவீர்களா? (வெட்டினால் மேற்கையில் தசை பந்துபோல் திரளலாம். முன்பே தெரியாதவர் இதைப் பார்த்துத்தான் ‘ஏதோ அறுந்துவிட்டது’ என்று ஓடி வருவார்.)
– இரவில் பயம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது?

பேச்சின் முடிவில், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். விட்டுப்போனது அப்போதே வெளிவரும்.

மருந்தில்லாமல் கவலையைக் குறைக்க என்ன செய்யலாம்?

பயம் தரும் அசைவுகளைக் குறைந்த பயத்திலிருந்து அதிகப் பயம் வரை வரிசையாக எழுதி, பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தவற்றை மட்டும், பயம் குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். செய்வதற்கு முன் ‘எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறேன்’ என்று ஓர் எண், செய்த பிறகு ‘எவ்வளவு வலித்தது’ என்று ஓர் எண். பத்து நாள் இப்படிக் குறித்தால் முதல் எண் இரண்டாவதைவிட எப்போதும் பெரிதாக இருந்திருப்பதைப் பலர் தங்கள் கையெழுத்திலேயே பார்க்கிறார்கள். நாங்கள் எத்தனை தடவை சொன்னாலும் வராத தைரியம் அந்தத் தாளைப் பார்க்கும்போது வரும்.

பயிற்சிக்கு முன் இரண்டு நிமிடம், நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். விடும்போது தோள் காதைவிட்டு இறங்குவதைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, அழுகை வருகிறது, பயிற்சியை முழுதும் விட்டுவிட்டீர்கள் என்றால் மனநல உதவி கேளுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே.

வீட்டில் இருப்பவர்கள் எப்படி உதவுவது?

‘கையை அசைக்காதே, அசைக்காதே’ என்று அன்பாகச் சொல்வது பயத்தை வளர்க்கும். எல்லாவற்றையும் செய்துகொடுப்பதும் அப்படித்தான். அனுமதித்த வேலைகள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றை அவரே செய்ய விடுங்கள். ‘இன்றைக்கு எவ்வளவு வலிக்கிறது?’ என்பதற்குப் பதில் ‘இன்றைக்குக் கை எதுவரை போனது?’ என்று கேளுங்கள்.

எப்போது கவலைப்படுவது சரி?

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் ‘நான் வீணாகப் பயப்படுகிறேனோ’ என்று யோசிக்காமல் மருத்துவமனையை அழையுங்கள்: 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழோ நாற்றமோ வருவது, நாள் போகப் போகக் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போவது, 48 மணி நேரம் கடந்தும் விரல் மரத்திருப்பது அல்லது அசைக்க முடியாதது, கை முழுதும் வீங்கிப் பளபளத்து, நிறம் மாறி, துணி பட்டாலே எரிவது. தோளில் தொற்று சில சமயம் காய்ச்சலே இல்லாமல், வாரக்கணக்கில் மெல்ல வளரும். காரணமில்லாமல் இறுக்கமும் வலியும் திரும்பினால் அதையும் சொல்லுங்கள். கெண்டைக்காலோ மேற்கையோ திடீரென வீங்கி வலித்தால் ரத்த உறைவா என்று அன்றே பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.